பிணைக்கு இரண்டு கொப்பி

போன கிழமை கனடாவில் இருக்கிற மச்சான் வீடியோ கோலில் வந்து தன் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தியில் இருக்கிற கஞ்சாக் கடையைக் காட்டினார். கண்ணாடிக் கதவு, வாசலில் பூச்சாடி, உள்ளே ஏசி. எங்கள் ஊர்ப் பாமசியை விட வடிவாக இருக்கிறது. அங்கே 2018 ஒக்டோபர் 17இல் இருந்து சட்டப்படி விற்கிறார்கள். "பாத்தியே, நாடு ஒண்டும் கவிண்டு போகேல்லை. நீங்கள்தான் இன்னும் சிறை, தூக்கு எண்டு நிக்கிறியள்" என்றார்.

அன்று பின்னேரமே எங்கள் சனசமூக நிலையத்தில் ஐஸ் (மெத் என்கிற இரசாயனப் போதைப்பொருள்) பிரச்சினை பற்றி ஒரு கூட்டம். வளவுக்குள் வரும் மாட்டைக்கூடத் தடியால் அடிக்காத ஒரு பெரியவர் எழும்பி, "உவங்களைச் சந்தியில வைச்சுச் சுடோணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேனா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தட்டியிருக்கிறேன் போலத்தான் கிடக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் நின்று கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. எனக்கு இதில் ஒரு தகுதியும் இல்லை. கிளிநொச்சியில், கோட்டுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு சின்னப் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் பதினொரு வருடமாக ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு வழக்குத் தாளோடு வருகிற சனத்தைப் பார்க்கிறேன். பிணை எடுக்க அடையாள அட்டையில் இரண்டு கொப்பி, கிராம சேவகர் கொடுத்த வதிவிடச் சான்றிதழில் இரண்டு கொப்பி. யார் வருகிறார்கள், யார் வருவதே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் கூட்டத்தில் பேசிய பாதிப் பேர் இங்கே சட்டம் இளகி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் பேசினார்கள். நச்சுப்பொருள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது, 1929. 1984இல் அதைத் திருத்தி, 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் கடத்தினாலோ வைத்திருந்தாலோ மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று எழுதினார்கள். 2 கிராம் என்றால் அரைத் தேக்கரண்டிச் சீனி. 2022இல் இன்னொரு திருத்தம் வந்து ஐஸையும் சேர்த்தது, அதற்கு 5 கிராம். இதைவிட இறுக்கமாக என்ன எழுத முடியும்? சரி, தூக்கில் போடுகிறார்களா என்றால் இல்லை, 1976 யூனுக்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. 2019இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் வழக்கில் தீர்ப்பானவர்கள் நான்கு பேரின் மரண தண்டனைக்குக் கையெழுத்திட்டார், உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. ஆக, எங்கள் பெரியவர் கேட்கிற சட்டம் 40 வருடமாகப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த 40 வருடத்தில்தான் தூள், ஹெரோயினுக்கு இங்கே அதுதான் பெயர், கொழும்பின் சேரித் தோட்டங்களில் இருந்து புறப்பட்டு வன்னியில் விசுவமடு வரைக்கும் வந்து சேர்ந்தது.

"அந்த நேரம் எண்டால்..." என்று ஒருவர் தொடங்கினார். வன்னியில் எந்தக் கூட்டமும் இந்த வசனம் இல்லாமல் முடியாது. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் காலத்தில் கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், காய்ச்சினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, தமிழீழக் காவல்துறை இருந்தது, தனி நீதிமன்றம் இருந்தது, கஞ்சா, தூள் என்ற பேச்சே இல்லை. நானும் அந்தக் காலத்தில்தான் வளர்ந்தேன், அது பொய் இல்லை. ஆனால் அது எதனால் நடந்தது என்று கேட்டால் எல்லாரும் பயம், கட்டுப்பாடு என்று மட்டும் சொல்கிறார்கள். வன்னிக்குள் வருகிற வாசல்களான ஓமந்தையிலும் முகமாலையிலும் இரண்டு பக்கமும் சோதனைச் சாவடி இருந்ததை மறந்துவிடுகிறார்கள். ஒரு பற்றரிக்கும் ஒரு சவர்க்காரத்துக்கும் பாஸ் கேட்ட காலம் அது. மண்ணெண்ணெய்க்கே வழி இல்லாத இடத்துக்கு எந்த வியாபாரி ஹெரோயின் கொண்டு வருவான்? வாங்குகிறவன் கையிலும் காசு இல்லை. அந்தத் தடையைத் திரும்பக் கொண்டு வர வேண்டுமென்றால் அந்தச் சாவடிகளையும் சேர்த்துத்தான் கொண்டு வர வேண்டும். அதற்கு யாரும் கை தட்ட மாட்டார்கள்.

இப்போது எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் கதை. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். மனுசன் 2009இல் போனவர், எங்கே என்று இன்றுவரை தெரியாது. மூன்று பிள்ளைகள். கோழி வளர்த்தார், தையல் மெசின் கொடுத்தார்கள், அதையும் தைத்துப் பார்த்தார், நுண்கடன் எடுத்துச் சின்னக் கடை போட்டார், கடன்காரர் கிழமைக்குக் கிழமை வந்து முற்றத்தில் கதிரை போட்டு உட்காரத் தொடங்கியதும் கசிப்புக் காய்ச்சத் தொடங்கினார். சீனி, ஈஸ்ட், ஒரு பரல், பற்றைக் காட்டுக்குள் ஒரு அடுப்பு. பொலிஸ் முற்றுகையிட்டுக் கோடாவை, அந்தப் புளித்த சீனித் தண்ணீரை, ஊற்றிவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள், தண்டப்பணம் விதிப்பார்கள். அந்தத் தண்டத்தைக் கட்ட அவரிடம் என்ன இருக்கிறது? வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, அந்த வட்டியைக் கட்ட இரண்டு பரலுக்குப் பதில் மூன்று பரல் போடுவார். என் கடைக்கு அவர் வருவது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஏதோ வாகன வரிப் பத்திரம் புதுப்பிக்க வருகிற மாதிரி. ஒரு நாள் பகிடியாக, "அக்கா, உங்கட லைசன்ஸ் காசு கட்டியாச்சோ?" என்று கேட்டேன். சிரித்தார். "தம்பி, லைசன்ஸ் எண்டாலாவது வருசத்துக்கு ஒருக்காத்தானே கட்டோணும்" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எனக்குத் தடை, அனுமதி என்ற இரண்டு சொல்லிலும் நம்பிக்கை குறைந்தது.

ஏனென்றால் எங்கள் ஊரிலேயே, ஒரே ஒழுங்கைக்குள், மூன்று விதமான சட்டம் ஓடுகிறது. கள்ளுக்கு ஒன்று, சாராயத்துக்கு ஒன்று, கசிப்புக்கு ஒன்று. உலகம் முழுக்க நடக்கிற வாதத்தைப் பார்க்க நான் கனடாவுக்குப் போகத் தேவையில்லை.

கள்ளை எடுங்கள். சீவுகிற தொழில் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டு, குடிக்கிறவன் எல்லாம் மரியாதையாக இருக்க, சீவுகிறவன் மட்டும் கேவலப்பட்ட காலம் நீண்டது. தவறணையை, அதாவது கள்ளுக்கடையை, குத்தகைக்கு எடுத்த முதலாளி சொன்ன விலைக்குத்தான் அன்றைக்குக் கள் ஊற்ற வேண்டும் என்று எங்கள் ஊர் சீவல் தொழில் ஐயா சொல்லுவார், அவருடைய தகப்பன் காலத்துக் கதை அது. எழுபதுகளில் சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு தவறணை சங்கத்தின் கைக்கு வந்தது. சீவுகிறவருக்கு உறுப்பினர் அட்டை, அளந்து ஊற்றுகிற கணக்கு, சேமிப்பு. தவறணைக்குப் போனால் ஒரு பிளா, இரண்டு பிளா, கொஞ்சம் அரசியல், பிறகு வீட்டுக்கு. குடித்துக் கெட்டவர்கள் இல்லையா, இருக்கிறார்கள். ஆனால் கள்ளுக்காக யாரும் யாரையும் வெட்டியதாக இந்தப் பதினொரு வருடத்தில் என் கடைக்கு ஒரு தாள் வரவில்லை.

இன்னொன்று, கள்ளைக் கடத்த முடியாது. காலையில் இறக்கினால் பின்னேரம் புளித்துவிடும், ஒரு கான் தூக்கிக்கொண்டு போனால் வாசம் முன்னால் போகும். ஒளித்துக் கொண்டு போக வேண்டி வருகிறபோது எந்தச் சாமானும் சின்னதாகவும் காரமாகவும் மாறிவிடுகிறது. அமெரிக்காவில் 1920 தொடக்கம் 1933 வரை மதுவைத் தடை செய்த காலத்தில் பீர் குடித்தவர்கள் காய்ச்சி வடித்த சாராயத்துக்கு மாறியதும் இதனால்தான், பரலில் பீர் கடத்துவதை விடப் போத்தலில் சாராயம் கடத்துவது சுகம். இங்கே மன்னார்க் கரையில் வந்து இறங்குகிற கேரளக் கஞ்சா மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிறது, பொலிஸ் அதை அடுக்கிவைத்துப் படம் எடுக்கிறது. ஐஸ் தீப்பெட்டிக்குள் போகிறது. கஞ்சா விற்ற பெடியன் ஐஸுக்கு மாறினால் அவனுக்குப் பாரம் குறைவு, லாபம் கூட. மூட்டையைச் சுலபமாகவும் தீப்பெட்டியைக் கஷ்டப்பட்டும் பிடிக்கிற தடை, தெரியாமலே அவனை ஐஸ் பக்கம் தள்ளிவிடுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் அனுமதிதான் சரி, மச்சான் வென்றுவிட்டார் என்று சொல்லலாமா? பொறுங்கள், சாராயம் இருக்கிறது.

2024 முடிவில், அந்த வருடம் கொடுத்த மதுபானசாலை அனுமதிகளின் பட்டியலை அரசாங்கம் பாராளுமன்றத்தில் வெளியிட்டது. நாடு முழுக்க 300க்கு மேல், அதில் கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 10க்கும் மேல். இரண்டு பெரிய நகரம்கூட இல்லாத மாவட்டம் இது. குடிதண்ணீருக்கு வரிசையில் நிற்கிற கிராமங்கள் இருக்கிற மாவட்டம். பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மீற்றர், கோயிலுக்கு எத்தனை மீற்றர் என்று மாதர் சங்கத்துப் பெண்கள் நாடா பிடித்து அளந்து, என் கடையில் வந்து மனு ரைப் பண்ணி, நூற்றுக்கணக்கில் கையெழுத்து வைத்து அனுப்பினார்கள். அந்த மனுவுக்கு இருபது கொப்பி அடித்தேன், காசு வாங்கவில்லை. பார் திறந்துதான் இருக்கிறது. லைசன்ஸ் எடுத்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, ஒரு கொப்பி அடிக்கக்கூட அவர் என் கடைக்கு வந்ததில்லை.

இதையும் பாருங்கள். அரசாங்கத்துக்குக் காசு வேண்டும் என்று 2022க்குப் பிறகு மாறி மாறிச் சாராய வரியைக் கூட்டினார்கள், ஒரு போத்தில் 3,000 ரூபாவைத் தாண்டியது. கூலிக்கு வயல் வேலை செய்கிறவர் அதற்கு எங்கே போவார்? அக்காவின் பரலுக்குத்தான். சட்டப்படி விற்றால் கள்ளச் சந்தை செத்துவிடும் என்று மச்சான் சொல்கிற கணக்கு விலையைப் பொறுத்தது. விலை குறைந்தால் எல்லாரும் குடிப்பார்கள், கூடினால் கசிப்பு. அதற்கு நடுவில் ஒரு விலை இருக்கிறதாம், எந்த அரசாங்கம் அதைக் கண்டுபிடித்திருக்கிறதோ தெரியவில்லை.

கஞ்சா விஷயத்திலும் எங்கள் நாடு மச்சானின் பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் எந்தக் கதவால் என்று பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் அனுமதியோடு கஞ்சா சேர்ப்பது பழைய வழக்கம். 2025இல் மீரிகமவில் 64 ஏக்கரில் ஏற்றுமதிக்காகப் பயிரிட 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு முதலீட்டுச் சபை முதற்கட்ட அனுமதி கொடுத்தது. அதே வருடம் மொனராகலைப் பக்கம் சேனைக்குள் கஞ்சாச் செடி வைத்தவனை வழக்கம்போலப் பிடித்துக்கொண்டு போனார்கள். செடி ஒன்றுதான். கள்ளைச் சங்கத்துக்குக் கொடுத்த மாதிரி, வளர்க்கிற ஏழை விவசாயியின் கையில் இதைக் கொடுப்பார்கள் என்று யாராவது எனக்குச் சொன்னால் நான் நாளைக்கே மச்சான் பக்கம் போகிறேன்.

வெளிநாட்டுக் கதைகளும் ஒரே பக்கம் சாயவில்லை. போர்த்துக்கலைப் பற்றி எல்லாரும் பிழையாகச் சொல்கிறார்கள், அங்கே கடை திறக்கவில்லை. 2001இல் அவர்கள் செய்தது, பத்து நாள் பாவனைக்குள் அடங்குகிற அளவு ஒருவரிடம் இருந்தால் அதைக் குற்ற வழக்காக்காமல், ஒரு சின்னக் குழுவின் முன்னால் நிறுத்திச் சிகிச்சைக்கு வழி காட்டியது. விற்பது இன்றும் அங்கே குற்றம்தான். சிகிச்சைக்குக் காசு போட்டார்கள், அதனால் ஹெரோயின் சாவும் ஊசியால் பரவிய எச்.ஐ.வி.யும் இறங்கின. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலம் 2020இல் வாக்கெடுப்பு வைத்து அதே மாதிரிச் செய்தது, ஆனால் சிகிச்சை நிலையங்கள் தயாராகும் முன்னரே சட்டம் தளர்ந்தது, வீதியில் ஹெரோயினை விடப் பல மடங்கு கடுமையான பெந்தனைல் வந்து நின்றது, 2024இல் திரும்பவும் குற்றமாக்கினார்கள். தாய்லாந்து 2003இல் போதைக்கு எதிரான போர் என்று இறங்கி மூன்று மாதத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் சனம் செத்தது. அதே தாய்லாந்து 2022இல் கஞ்சாவைப் பட்டியலில் இருந்தே எடுத்து, தெருவெல்லாம் கடை முளைத்த பிறகு 2025இல் வைத்தியரின் துண்டு இருந்தால்தான் என்று பின்வாங்கியது.

எங்கள் பக்கத்துப் போர் 2023 டிசெம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற பொலிஸ் நடவடிக்கை. பல்லாயிரக்கணக்கில் பிடித்தார்கள், தொலைக்காட்சிக் கமராவோடு வீட்டுக்குள் போனார்கள், அடுத்த மாதமே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். நாட்டின் சிறைகளில் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள், அதில் பெரும் பங்கு போதைப்பொருள் வழக்கு.

அந்த ஆட்களில் ஒருவன் என் சின்னம்மாவின் மகன். இருபத்திரண்டு வயது. ரைல்ஸ் பதிக்கிற வேலை, நல்ல கைவேலை. வவுனியாவில் வேலை செய்த இடத்தில் யாரோ பழக்கிவிட்டார்கள். பிடிபட்டபோது அவனிடம் இருந்தது மில்லிகிராம் கணக்கில், செய்தியில் ஒரு வரிகூட வராத அளவு. அது ஹெரோயின்தான் என்று அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் அறிக்கை வர வேண்டும். அது வரும் வரை தவணை, அடுத்த தவணை, அதற்கு அடுத்தது. உள்ளே போனபோது அவனுக்குத் தூள் வாங்க ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். வெளியே வந்தபோது காலியில் ஒருவன், நீர்கொழும்பில் ஒருவன், போன் நம்பரோடு. நல்லாச் சிங்களமும் பேசுகிறான். சின்னம்மா அதை ஒரு முன்னேற்றமாகச் சொன்னார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

"புனர்வாழ்வுக்கு அனுப்புங்கோவன்" என்று கூட்டத்தில் ஒரு ரீச்சர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார், அவர் யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்தவர். அந்தச் சொல் எங்கள் ஊரில் வேறு மாதிரிக் கேட்கும். 2009க்குப் பிறகு இயக்கத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வுக்குப் போனார்கள், அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த இரண்டு பேர் அதில் அடக்கம். பொலநறுவைப் பக்கத்துக் கந்தக்காட்டில் அப்போது அவர்களை வைத்திருந்தார்கள், இப்போது போதைக்கு அடிமையானவர்களை வைத்திருக்கிறார்கள். 2022 யூனில் அங்கே ஒருவர் இறந்ததை அடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். ரீச்சர் அந்தச் சொல்லைச் சொன்னபோது பின்வரிசையில் ஒருவர் எழும்பி வெளியே போய் பீடி பத்தவைத்தார். வேறு காரணமாகவும் இருக்கலாம்.

சரி, நீ என்னதான் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பாவிக்கிறவனைப் பிடித்து உள்ளே போடுவதை நிறுத்த வேண்டும். மில்லிகிராமுக்கு விளக்கமறியல் வேண்டாம், மாவட்ட வைத்தியசாலையில் ஒரு மனநலப் பிரிவும், தமிழில் பேசுகிற இரண்டு ஆட்களும், வேலை போகாமல் பின்னேரம் வந்து போகிற மாதிரி ஒரு நேரமும் வேண்டும். கஞ்சாவை ஹெரோயினோடும் ஐஸோடும் ஒரே கூடைக்குள் போட வேண்டாம். ஆனால் மச்சான் காட்டிய கண்ணாடிக் கடை இங்கே வேண்டாம், குறைந்தது இப்போது வேண்டாம், ஏனென்றால் அதற்கு யார் பெயரில் லைசன்ஸ் வரும் என்று எனக்கு நூறு வீதம் தெரியும். ஐஸுக்கு எந்தக் காலத்திலும் கடை வேண்டாம். ஹெரோயினை விட்டு இறக்க மாற்று மருந்து என்று உலகத்தில் ஒன்றிரண்டாவது இருக்கிறது, ஐஸுக்கு அதுவும் இல்லை. மூன்று நாள் நித்திரை இல்லாமல் சொந்தத் தாயைச் சந்தேகப்பட்டுக் கத்தியோடு நின்ற ஒரு பிள்ளையைப் பார்த்தவன், அதைச் சுதந்திரம் என்று எழுத மாட்டான்.

இதை மச்சானுக்கு வொய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். "நீ இரண்டு பக்கமும் நிக்கிறாய்" என்று பதில் போட்டார். பெரியவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப விக்கிறவனையாவது சுடலாம்தானே" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை காலை சின்னம்மா கடைக்கு வந்தார், கையில் அதே பிளாஸ்ரிக் பை, உள்ளே அதே தாள்கள். தவணை அன்றைக்கு. பத்து மணிக்குப் பிறகு திரும்பி வந்து கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார். அறிக்கை இன்னும் வரவில்லையாம், அடுத்த மாதம் பதினெட்டாம் திகதியாம். தம்பி வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு போனில் யாரோடோ சிங்களத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். சின்னம்மா பையில் இருந்து கிராம சேவகரின் சான்றிதழை எடுத்து நீட்டினார். "இது பழசாகிப் போச்சாம் தம்பி, புதுசு எடுக்கோணுமாம். இருந்தாலும் ரெண்டு கொப்பி அடிச்சு வை" என்றார்.